சண்டை வருகிற பக்கம்

எங்கள் வீட்டில் தறிச் சத்தம் இல்லாத பகல் மாதத்துக்கு ஒன்றுதான் வரும். பாவு மாற்றுகிற நாள். பாவு என்றால் புடவையின் நீளவாட்டில் ஓடும் இழைகள். மூன்று புடவைக்கு ஆகிற நீளத்தில் சுருட்டி வரும். நெய்து தீர்ந்த பழைய பாவின் வால் மட்டும் தறியில் நிற்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்த வாலின் ஒவ்வோர் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பலை ஒரு தொடல், ஒரு முறுக்கு, லேசாக ஓர் இழுப்பு, அடுத்தது. ஆயிரக்கணக்கில். இதற்கென்றே பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். இரண்டிரண்டு பேராக வருவார்கள். ஒருத்தி இடது கோடியில் ஆரம்பிப்பாள், இன்னொருத்தி வலது கோடியில். சாயங்காலத்துக்குள் நடுவில் சந்திப்பார்கள். சந்திக்கிற இடத்தில் பழசும் புதுசும் ஒன்றுக்கொன்று சரியாக முடிந்திருக்க வேண்டும். ஓர் இழை மிஞ்சினாலும் எங்கேயோ தப்பு.

பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்குள் இருப்பவள் நான். அது நிற்கிற நாளில்தான் எங்கள் வீடு எவ்வளவு பெரியது என்று தெரியும். குழாய் சொட்டுவது கேட்கும். அடுத்த தெருவில் யாரோ தோசை திருப்புவது கூடக் கேட்கிற மாதிரி இருக்கும். ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக ஒரு சதுரம் வெளிச்சம் இறங்கிப் பாவின் மேல் மெதுவாக நகரும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால், படுத்துக்கொண்டு பெய்கிற மழை மாதிரி இருக்கும் அந்த இழைகள். அரக்கு மழை, மாம்பழ மழை, மயில்கழுத்து மழை.

அப்படி ஒரு நாளில்தான் நான் கதை படிக்க ஆரம்பித்தேன். படிப்பது எப்போதும் உண்டு, அன்றைக்குத்தான் வாய்விட்டு.

பி.எஸ்சி. முடித்துச் சும்மா இருந்த வருடம் அது. சும்மா என்று சொல்லக் கூடாது. அந்த ஒரு வருடத்தில் டைப்பிங் வகுப்பில் சேர்ந்து நின்றேன், ஜப்பான் மொழி கற்கிற ஆப்பில் இருபது பாடம் வரை போனேன், சமையல் சேனல் ஆரம்பித்து மூன்று வீடியோவில் மூடினேன். எதையும் முடிக்காத எனக்கு முடிகிற வரை விடாமல் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்று: போனில் காதல் நாவல் படிப்பது. கனமான காதல் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள், இந்தக் காலத்து வேலை, வாட்ஸ்அப்பில் சண்டை, மொட்டைமாடியில் சமாதானம். அந்த வகை.

பாவு பிணைக்க வந்திருந்த அக்கா தலையைத் தூக்காமலே கேட்டார். "இன்னாமா, தனியா சிரிச்சிக்கினு இருக்கற?"

"ஒண்ணும் இல்லக்கா. கதை."

"எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல."

அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். ஒருத்தி ஆன்லைனில் புடவை ஆர்டர் செய்கிறாள். பார்சல் எதிர்வீட்டுக்காரனுக்குப் போய்விடுகிறது. அவன் அதைத் தன் அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிடுகிறான். அக்கா சிரித்தார். அவருடைய ஜோடி, ஐம்பது வயது, வாய் மட்டும் இருபது வயது, நான் சின்னம்மா என்று கூப்பிடுகிறவர், "அம்மாக்காரி திருப்பிக் குடுத்தாளா, இல்ல கட்டிக்கினாளா, அத சொல்லு மொதல்ல" என்றார். சாயங்காலம் பாவு முடியும்போது கதையும் முடிந்தது. எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது. பாவு பிணைக்கிறவர்களோடு கதைக்காரப் பொண்ணும் வர வேண்டுமாம். அம்மா தறிக்குழியிலிருந்தே நிமிர்ந்து பார்த்தார். "இண்டர்வியூவுக்குப் போன்னா தலைவலி வருது. இதுக்கு மட்டும் செருப்பு தானா கால்ல ஏறுது பாரு."

ஏறத்தான் செய்தது. அந்த வருடம் முழுக்க எங்கள் பேட்டையின் பாதி வீடுகளில் நான் கதை படித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு நாவல். காலை ஒன்பது மணிக்கு அவனும் அவளும் முறைத்துக்கொள்வார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரே ஆபீசில், இல்லாவிட்டால் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொள்வார்கள். மூன்று மணிக்குப் பெரிய மனஸ்தாபம். இரண்டு பெண்களின் விரல்களும் நடுவில் சந்திக்கிற நேரத்தில் அவர்களும் சந்தித்துவிடுவார்கள். முத்தம் வருகிற இடத்தில் வீட்டு ஆம்பளைகள் யாராவது உள்ளே வந்தால் கதாநாயகன் உடனே ஆபீசுக்குக் கிளம்பிவிடுவான். ஒரு நாவலில் எங்கள் அப்பா தண்ணீர் குடிக்க நாலு தடவை வந்ததால் அவன் நாலு தடவை ஆபீசுக்குப் போனான். "பாவம், நல்லா உழைக்கிற பையன்" என்றார் அப்பா.

கல்லூரித் தோழி ஒருத்தி கேட்டாள், இதையெல்லாம் எப்படிடி படிக்கிற, எல்லாம் ஒரே கதைதானே என்று. ஒரே கதைதான். நான் வேறு, முதலில் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்துக்கே வருவேன். சென்னையில் இருந்து ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எப்படியோ, அப்படி. வீடு வந்துவிடும் என்று தெரியும். அதனால்தான் வழியில் இருக்கிற ஏரி கண்ணில் படுகிறது, ஏரியில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு படுகிறது. எங்கே போகிறோம் என்று தெரியாத பஸ்ஸில் யார் கொக்கு பார்ப்பார்கள்?

இந்தக் கதைகளில் யாரும் சாவதில்லை. வந்தால் ஒரு காய்ச்சல் வரும், அதுவும் கதாநாயகன் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதற்காக வருகிற காய்ச்சல். வீட்டு ஓனர் கெட்டவராக இருந்தாலும் கடைசியில் கல்யாணத்துக்குப் பந்தல் போட இடம் கொடுத்துவிடுவார். அவன் அவளுடைய காபியில் எத்தனை சர்க்கரை என்று ஞாபகம் வைத்திருப்பான். ஒருவர் இன்னொருவரின் சர்க்கரையை ஞாபகம் வைத்திருப்பதற்கு இருபது பக்கம் ஒதுக்குகிற புத்தகங்கள் இவை. எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் படும். படித்து முடித்துத் தெருவில் நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஊரே நீர் தெளித்த வாசல் மாதிரி இருக்கும். சன்னதித் தெருவில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறவன், சாயப் பட்டறையில் இருந்து இரண்டு கையும் ஊதாவாக வருகிறவன், எல்லாரும் யாரோ ஒருத்தியின் ஐந்தாம் அத்தியாயத்தில் நடந்துகொண்டிருக்கிற மாதிரி தோன்றும்.

அக்காவுக்கு என்ன பிடிக்கிறது என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. முத்தத்துக்கு அவர் விரல் நிற்காது. கல்யாணத்துக்கும் நிற்காது. சண்டை வந்தால் நிற்கும்.

"அந்தச் சண்டை வர பக்கத்த திரும்பப் படிம்மா."

"ஏற்கெனவே ரெண்டு தடவ படிச்சிட்டேன்க்கா."

"மூணாவது தடவ படி. காசா பணமா?"

சின்னம்மா சும்மா இருப்பாரா? "சண்டதான் வேணும்னா எங்க வீட்டுக்கு வா. காலைல ஆறு மணி காட்சி, டிக்கெட் இல்லாம காட்டறேன்."

அக்காவுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்து, கோர்ட்டில் எல்லாம் முடிந்து, அம்மாவோடு இருந்தார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டதும் இல்லை.

இந்த நேரத்தில்தான் பாவு அண்ணன் வந்து கேட்டார். இழைகளை எண்ணிச் சேர்த்துப் பாவு போடுகிறவர், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. புதுப் பாவை வெள்ளைத் துணியில் சுற்றி, மொபெட்டின் முன்னால் குழந்தையை உட்கார வைக்கிற மாதிரி வைத்துக் கொண்டுவருவார். சட்டையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். எதற்கும் சிரிப்பார். அவரைக் கட்டிக்கொண்டவர் ஒரே வருடத்தில் பிரிந்து போய் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார். அதைப் பற்றி அண்ணன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை யாரும் கேட்டதில்லை. ஒரு வீட்டு வாசலில் பாவை இறக்கி வைத்துவிட்டு, அக்காவிடம் நேராகச் சொல்லியிருக்கிறார்: என்னைக் கட்டிக்க உனக்கு இஷ்டமா என்று யோசித்துச் சொல், அவசரம் இல்லை, ஆனால் வாலாஜாபாத்தில் இருக்கிற எங்க அக்கா தீபாவளி முடிந்ததும் வேறு ஒரு இடம் பார்க்கப் போகிறாள், அதற்குள் சொன்னால் நல்லது.

எனக்கு இதைச் சொன்னது சின்னம்மாதான். நான் வானத்தில் பறந்தேன். நிஜமான மனிதர்கள், நிஜமான கெடு தேதி. ஏதோ நாமே கதைக்குள் போன மாதிரி ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தேன்.

"சரின்னு சொல்ல வேண்டியதுதானேக்கா" என்றேன். சாயங்காலம், மழை விட்டிருந்தது. ஒரு வீட்டில் பாவு முடித்துத் திரும்பி நடந்துகொண்டிருந்தோம். கோயில் குளத்துப் பக்கமிருந்து நனைந்த கல்லின் வாசனை வந்தது.

"நல்ல மனுஷன்தான்" என்றார் அக்கா.

"அப்புறம் இன்னா?"

"கோவத்த பாக்கலையே மா."

"அவருக்குக் கோவமே வராதுக்கா. ஊருக்கே தெரியும்."

அக்கா தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டிக்கொண்டே, கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார். "மொதல்ல கட்டினவரும் எட்டு மாசம் வெண்ணெய் மாதிரி இருந்தாரு. ஒன்பதாவது மாசம், சாப்பாடு போட்டுக்கினே, ‘இன்னிக்கு குழம்புல உப்பு கம்மியாப் போட்டுட்டேன்’னு நானே சொன்னேன். அவரு இன்னும் வாயில கூட வெக்கல. தட்டு பறந்து வந்துச்சு. நானா என் தப்ப ஒத்துக்கினதுக்கு வந்த தட்டு." புருவத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு சின்ன வெட்டு இருப்பதை நான் அத்தனை நாள் பார்த்திருக்கவில்லை.

தெருமுனை திரும்பினோம்.

"உன் கதையில அந்தப் பொண்ணு கத்துது. அவனும் கத்தறான். ஆனா ரெண்டு பேருமே பயப்படல பாரு. கத்திட்டு, அவன் போய் மோட்டார் போடறான், அது துணி காயப் போடுது. அத கேக்கத்தான் எனக்கு ஆசை."

நூறு நாவலாவது படித்திருப்பேன். சண்டை என்பது முத்தத்துக்கு முன்னால் வருகிற வேகத்தடை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயமில்லாமல் சண்டை போடுவதற்காகவே ஒருத்தர் கதை கேட்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"அந்த மனுஷனுக்குக் கோவம் வந்தா எப்படி இருப்பாருன்னு ஒரு தடவ பாத்துட்டேன்னா சொல்லிடுவேன். பாக்காம எப்படிமா சொல்றது?"

இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து, பாவு கொண்டுவர வேண்டிய வீட்டுக்குத் தப்பான அடையாளம் சொன்னேன். மத்தியான வெயிலில் மூன்று தெரு அலைந்துவிட்டு, கையில் சுண்டல் பொட்டலத்தோடு வந்தார். "நல்லதாப் போச்சு மா, அந்தத் தெருவுல இவ்ளோ நல்ல சுண்டல் கெடைக்கும்னு எனக்குத் தெரியாது." இன்னொரு நாள், அவர் கொண்டுவந்த அரக்குப் பாவைப் பார்த்து, இது அரக்கே இல்லை, செங்கல் என்றேன். "வெயில்ல வெச்சுப் பாரு, உனக்கே அரக்காத் தெரியும்" என்று சிரித்தார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சும்மா இரு. கோவம் நம்ம கூப்ட்டா வராது. அதுவா வரணும்."

ஐப்பசி பிறந்துவிட்டது. தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அன்றைக்குப் பாவு எங்கள் வீட்டிலேயே, அம்மாவின் தறியில். மயில்கழுத்து நிறம். வெளியே காலையிலிருந்து மழை. கண்ணாடி வழியாக வெளிச்சத்துக்குப் பதிலாக ஒரு மாதிரி நீலம்தான் இறங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்திருந்த நாவலில், ஊட்டியில் ஒரு நாய் டாக்டர் பெண். அவள் வீட்டு மாடிக்குக் குடிவருகிற பேங்க்காரனுக்கு நாய் என்றாலே நடுக்கம். கீழே எட்டு நாய். கேட்டை யார் மூடுவது என்பதில் தினமும் சண்டை. சின்னம்மா பேங்க்காரன் கட்சி. அக்கா எட்டு நாயின் கட்சி.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த இடம் வந்தது. ஊட்டியிலும் மழை. அவள் ஏதோ ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போய்விட்டாள். எட்டில் ஒரு கிழட்டு நாய் இடிக்குப் பயந்து கேட்டைத் தாண்டி ஓடி, நனைந்து, திரும்பி வந்து, மாடிப்படியில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. அவன் கதவைத் திறக்கிறான். மூடுகிறான். திறக்கிறான். அவள் ராத்திரி வந்து பார்க்கும்போது அவன் படியில் உட்கார்ந்திருக்கிறான், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நாயைத் தன் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. அவள் கூப்பிடவில்லை. இரண்டு படி கீழே தானும் உட்கார்ந்துகொள்கிறாள்.

நான் கொஞ்சம் நிறுத்தினேன். மழை எங்கள் வீட்டில் பெய்கிறதா, போனுக்குள் பெய்கிறதா என்று தெரியவில்லை. அம்மா கூடக் கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றார்.

அரை மணி கழித்து இரண்டு பேர் விரலும் நடுவில் சந்தித்தன. பழைய இழை ஒன்று ஜோடியில்லாமல் நின்றது.

"என் பக்கம் சரி" என்றார் சின்னம்மா.

"என் பக்கமும் சரி" என்றார் அக்கா. மறுபடி குனிந்து பார்த்தார். "புதுப் பாவுல ஒண்ணு குறையுது."

அம்மா, தனியாக ஓர் இழையைத் தொங்கவிட்டு சமாளித்துக்கொள்ளலாம், இதற்கு எதற்குப் பேச்சு என்றார். அக்கா கேட்கவில்லை. "குறைஞ்சா குறையுதுன்னு போட்டவருக்குத் தெரியணும்ல." அம்மா போன் செய்தார். அண்ணன் மழையில் மொபெட்டை உருட்டிக்கொண்டே வந்தார். வண்டிக்குள் தண்ணீர் போய்விட்டதாம். தலையைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

"குறையாதே மா" என்றார்.

"குறையுது."

"என் பாவுல குறையாது."

"அப்ப நாங்க முழுங்கிட்டமா?" என்றார் அக்கா. "உங்க கண்ணால பாருங்க. ஒண்ணு நிக்குது."

அண்ணன் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அது எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு விளக்கு அணைகிற மாதிரி இல்லை, ஒரு கதவை யாரோ நிதானமாகச் சாத்துகிற மாதிரி. பிறகு குரல் வந்தது. அந்த மனிதருக்குள் அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

"பதினெட்டு வருஷமா பாவு போடறேன். ஒரு இழை குறைஞ்சுதுன்னு ஒரு வீட்டுல சொன்னது கெடையாது. எண்ணி எண்ணி என் கண்ணே பூத்துப் போச்சு. நீங்க உக்காந்துக்கினு கதை கேப்பீங்க, தப்பு என் தலைல வெப்பீங்களா?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் ஆசைப்பட்ட கோவம் இதுதான். வந்துவிட்டது. அக்கா எழுந்து நின்று சுவரோரம் போயிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சின்னம்மா, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்கும், வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் தறியின் இடது கோடியில் மண்டியிட்டு, முடிச்சு முடிச்சாக விரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். வாய் ஓயவில்லை. அக்கா சுவரோரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மாடிப்படி பக்கத்த படி."

"இப்பவா?"

"படிம்மா."

படித்தேன். அக்கா வந்து பாவின் நடுவில் குனிந்து, விரலைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனார், தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி, எந்த வரி கேட்டபோது எந்த முடிச்சுப் போட்டார் என்று தேடிக்கொண்டு. "இது ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கறது. இது அவ வண்டிய நிறுத்தறது." இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். நடுவிலிருந்து நாலு விரல் அகலம் தள்ளி, நாய் மடியில் இருக்கிற இடத்தில், விரல் நின்றது. ஒரு முடிச்சு மட்டும் லேசாகத் தடித்திருந்தது. இரண்டு புது இழையை ஒன்றாக எடுத்து ஒரு பழைய இழையோடு முறுக்கியிருந்தார்.

அண்ணன் இன்னும் இடது கோடியில் இருந்தார். சின்னம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முடிச்சை அப்போது பார்த்தது அக்காவும் நானும் மட்டும்தான். நகத்தால் கிள்ளி ஓர் இழையை உள்ளே தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது. பாவில்தான் குறை என்று ஆகிவிடும். எனக்கு அது ஒரு நொடியில் தோன்றியது. அக்காவுக்கும் தோன்றியிருக்கும்.

"இங்க இருக்குது" என்றார் அக்கா. "என் தப்பு. ரெண்ட ஒண்ணா முறுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு ஓர் அடி பின்னால் போனார். கை தானாகப் புருவம் வரை உயர்ந்து நின்றது.

அண்ணன் எழுந்து வந்தார். முடிச்சைப் பார்த்தார். அக்காவின் கையையும் பார்த்திருப்பார். நான் படித்த எந்தக் கதையாக இருந்தாலும் இந்த இடத்தில் அவர் குரல் இறங்கியிருக்கும், கண் கலங்கியிருக்கும். அவர் குரல் இறங்கவில்லை.

"பிரி" என்றார். "இங்கேர்ந்து நடு வரைக்கும் எல்லாத்தையும் பிரி." அவரே தரையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். ஒன்று தள்ளிப் போனதால் அங்கிருந்து நடு வரை எல்லாமே ஒவ்வொன்று தள்ளிப் போயிருந்தது. முந்நூறுக்கு மேல் இருக்கும். அவர் பிரிக்கப் பிரிக்க, எதிரே உட்கார்ந்து அக்கா மறுபடி பிணைத்தார். அண்ணன் திட்டிக்கொண்டே இருந்தார். "தெருவே கேக்குது. பாவுல குறைன்னு ஒரு பேச்சு கெளம்பினா நாளைக்கு எந்த வீட்டுல என் பாவ ஏத்துவாங்க? ஊட்டில நாய் நனைஞ்சுதாம். அதுக்கு இங்க என் இழைய முறுக்கிட்டாங்களாம். அவன் நாயத் தூக்கி வெச்சிக்கினா வெச்சிக்கட்டும், அதுக்கு நீ ஏன் ரெண்டு இழைய தூக்கற?"

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடியை விட மெல்லிசான இழை. அவசரமாகத் தொட்டால் அறுந்துவிடும். இவ்வளவு கத்தலுக்கு நடுவிலும் அந்த விரல் ஒவ்வொரு முறுக்கையும், தூங்குகிற குழந்தையின் கையைப் பிரிக்கிற மாதிரி பிரித்துக்கொண்டிருந்தது. முந்நூறில் ஒன்று கூட அறுபடவில்லை. அக்காவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் பார்த்தேன். ஒரு இடத்தில் அவர் பதிலுக்குப் பேசவும் ஆரம்பித்தார்.

"தெரியாம ஒண்ணு ஆயிடுச்சு. அதுக்கு எத்தினி தடவ சொல்லுவீங்க?"

"இன்னும் சொல்லுவேன்."

"சொல்லுங்க. அந்தப் பக்கம் இழைய இழுத்துப் பிடிச்சிக்கினு சொல்லுங்க. தொங்குது."

அவர் இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அம்மா காபி கொண்டுவந்தார். "எனக்கு வேணாம்" என்றார் அண்ணன்.

சின்னம்மாவுக்கு உயிர் வந்தது. "கோவத்துல காபி வேணாம்னு சொல்றது எவ்ளோ நல்ல கோவம். எங்க வீட்டுக்காரரு கோவம் வந்தா ரெண்டு டம்ளரு குடிப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் உதடு மட்டும் ஒரு பக்கம் மடங்கியது.

கடைசி இழை சேர்ந்தபோது அஞ்சு மணி இருக்கும். மழை ஓய்ந்து ஓட்டு விளிம்பிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பழசும் புதுசும் சரியாக முடிந்திருந்தன. அண்ணன் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், வாசலில் போய்ச் செருப்பைத் தேடினார்.

அக்கா கையிலிருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டு வாசல்படி வரை போனார்.

"நாளைக்கும் கோவமா இருப்பீங்களா?"

"இருப்பேன்." அண்ணன் திரும்பவில்லை. "ரெண்டு நாளைக்கு இருப்பேன். மூணு நாள் கூட இருப்பேன்."

"சரி. நாலாவது நாள் உங்க அக்காவ கூட்டிக்கினு எங்க வீட்டுக்கு வாங்க."

அண்ணன் ஒரு காலில் செருப்போடு நின்றார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார், வலித்தது. தெருவில் யாரோ சைக்கிளில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார்கள். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. எனக்கு ஒரு முழு அத்தியாயம் மாதிரி இருந்தது.

"எங்க அக்காவுக்கு பஸ்ஸு ஆவாது" என்றார் கடைசியில். "வாலாஜாபாத்லேர்ந்து வரத்துக்குள்ள ரெண்டு தடவ வாந்தி எடுக்கும். கார்தான் வெக்கணும்."

அதையும் கோவமாகத்தான் சொன்னார்.